பால் பல்லுக்கு நரம்பு சிகிச்சை: பல் டாக்டரின் சேரிலிருந்து வரும் தண்ணீரைப் பற்றி டாக்டரிடம் என்ன கேட்க வேண்டும்?

ஆரஞ்சுகவுண்டி_அம்மா

எல்லோருக்கும் வணக்கம். என் மகளுக்கு ஐந்து வயது முடிந்து ஆறு நடக்கிறது. கீழே இரண்டு கடைவாய்ப் பால் பற்களில் சொத்தை ஆழமாக இறங்கிவிட்டது. பல்போட்டமி (பல்லுக்குள் கெட்டுப்போன நரம்புப் பகுதியை எடுக்கும் சிகிச்சை) செய்து மேலே ஸ்டீல் கேப் போட வேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அடுத்த மாதம் தேதி கொடுத்திருக்கிறார்கள்.

இந்த விஷயத்தை எங்கள் குடியிருப்பில் இருக்கும் ஒரு அம்மாவிடம் சொன்னேன். அவர் முகமே மாறிவிட்டது. "அனஹைமில் 2016இல் நடந்தது தெரியுமா? இதே சிகிச்சைக்குப் போன பிள்ளைகளுக்குத்தான் தாடையில் தொற்று வந்தது, இயந்திரத் தண்ணீரிலிருந்து" என்றார். கலிபோர்னியாவில் இருக்கும் அனஹைம் எங்களுக்குப் பக்கத்து ஊர். அன்று இரவு தேடிப் பார்த்துவிட்டுத் தூங்கவே இல்லை.

மறுநாள் கிளினிக்குக்கு போன் செய்து கேட்டேன். வரவேற்பில் இருந்த பெண், "நாங்கள் குழாய்த் தண்ணீர் விடுவதில்லை, தனி பாட்டிலில் சுத்தமான தண்ணீர்தான் ஊற்றுகிறோம், கவலைப்படாதீர்கள்" என்று நல்லபடியாகத்தான் சொன்னார். பாட்டில் தண்ணீர் என்றால் போதுமா? சிகிச்சையைத் தள்ளிப் போடலாமா? இங்கே பல் டாக்டர்கள் இருக்கிறீர்கள் என்று தெரியும். கொஞ்சம் விளக்கமாகச் சொல்லுங்கள்.

---

திருச்சி_பல்வைத்தியர்

சகோதரி, முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். சிகிச்சையைத் தள்ளிப் போடாதீர்கள். நரம்பு வரை போன சொத்தையை விட்டால் சீழ் பிடிக்கும், கன்னம் வீங்கும். அது நிச்சயமான ஆபத்து. நீங்கள் கேட்கும் ஆபத்து அரிது. ஆனால் கேட்டது சரியான கேள்வி. என்னிடம் வரும் பெற்றோரில் ஒருவர்கூட இதுவரை கேட்டதில்லை. கேட்டிருந்தால் நானும் இன்னும் முன்பே விழித்துக்கொண்டிருப்பேன்.

அனஹைமில் நடந்தது இதுதான். குழந்தைகளுக்கான ஒரு பல் மருத்துவமனையில் பல்போட்டமி செய்துகொண்ட பிள்ளைகளுக்கு மைக்கோபாக்டீரியம் அப்செசஸ் என்ற கிருமி தொற்றியது. காசநோய்க் கிருமியின் தூரத்துச் சொந்தம். மண்ணிலும் தண்ணீரிலும் சாதாரணமாக இருப்பது. அந்தக் காலகட்டத்தில் ஆபத்து வட்டத்துக்குள் வந்த பிள்ளைகள் ஆயிரத்துக்கும் மேல். அதில் 71 பேருக்குத் தொற்று என்று கணக்கிட்டார்கள். 22 பேருக்கு ஆய்வகத்தில் உறுதியானது. நடு வயது 6. உங்கள் மகள் வயது.

இதில் என்னை உலுக்கியது எண்ணிக்கை இல்லை, நாள் கணக்கு. சிகிச்சைக்கும் முதல் அறிகுறிக்கும் நடுவே பாதிப் பேருக்கு 85 நாளோ அதற்கு மேலோ. மூன்று மாதம் கழித்துக் கழுத்தில் கட்டி வரும்போது எந்தத் தாய்க்குப் பல் ஆஸ்பத்திரி ஞாபகம் வரும்? சாதாரண ஆன்டிபயாட்டிக்குக்கு இந்தக் கிருமி அடங்காது. ரத்தக்குழாய் வழியாக மருந்து ஏற்ற வேண்டும், தாடை எலும்பைச் சுரண்டிச் சுத்தம் செய்ய வேண்டும். சில பிள்ளைகளுக்கு அடியில் வளர்ந்துகொண்டிருந்த நிரந்தரப் பல் முளைகளும் போயின.

முந்தைய வருஷம், 2015இல், ஜார்ஜியா மாநிலத்திலும் இதே கிருமி, இதே சிகிச்சை, இதே வயதுப் பிள்ளைகள். அங்கே ஏழு சேர்களிலும் தண்ணீர் எடுத்துச் சோதித்தார்கள். அமெரிக்காவில் குடிநீருக்கும் பல் சேருக்கும் உச்சவரம்பு மில்லிக்கு 500 சிஎஃப்யூ. அதாவது ஒரு மில்லி தண்ணீரைத் தட்டில் ஊற்றி வளர்த்தால் முளைக்கும் புள்ளிகள் 500க்குள் இருக்க வேண்டும். அங்கே கிடைத்த சராசரி 91,333.

அடுத்து உங்கள் பாட்டில் கேள்வி. பாட்டிலில் சுத்தமான தண்ணீர் ஊற்றுவது நல்லதுதான். ஆனால் பிரச்சினை பாட்டிலில் இல்லை. பாட்டிலுக்கும் உங்கள் மகள் வாய்க்கும் நடுவே இருக்கும் ட்யூபில் இருக்கிறது.

---

கும்பகோணம்_கிளினிக்

டாக்டர் சொன்ன தகவல்கள் சரியாகத்தான் இருக்கும், மறுக்கவில்லை. ஆனால் பெற்றோர் படிக்கும் இடத்தில் இப்படி எழுதினால் நாளை யாரும் பிள்ளையைப் பல் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு வரமாட்டார்கள். நான் 22 வருஷமாக கிளினிக் நடத்துகிறேன். ஆரம்பத்தில் மாடி டேங்க் தண்ணீர், பிறகு கேன் தண்ணீர், இப்போது ஆர்ஓ மெஷினே வைத்திருக்கிறேன். ஒரு நாளைக்கு 15 பேருக்குக் குறையாமல் பார்க்கிறேன். சேர் தண்ணீரால் நோய் வந்தது என்று ஒருவர்கூட வந்து சொன்னதில்லை.

கருவிகள் எல்லாம் நீராவியில் கிருமி நீக்கும் ஆட்டோகிளேவ் போகிறது. கையுறை, மாஸ்க், ஒருமுறை மட்டும் பயன்படுத்தும் ஊசி. இதற்கு மேல் ஒரு சின்ன ஊர் டாக்டர் என்ன செய்ய முடியும்? வாயிலேயே கோடிக்கணக்கில் கிருமி இருக்கிறது. தண்ணீரில் இருக்கும் நாலு கிருமி என்ன செய்துவிடும் என்பதுதான் என் சந்தேகம். தவறாக நினைக்க வேண்டாம், உண்மையாகவே கேட்கிறேன்.

---

சேர்_சர்வீஸ்_கோவை

டாக்டர் சார், நான் படித்தவன் இல்லை. டென்டல் சேர் சர்வீஸ் பார்க்கிறவன். கோவை, திருப்பூர், ஈரோடு பக்கம் 18 வருஷமாகச் சுற்றுகிறேன். கண்ணால் பார்த்ததை மட்டும் சொல்கிறேன்.

போன மாதம் ஒரு கிளினிக்கில் பல்லைக் குடையும் ஏரோட்டரில் தண்ணீர் சரியாக வரவில்லை என்று கூப்பிட்டார்கள். கழற்றிப் பார்த்தேன், வால்வில் கோளாறு இல்லை. சேர் அடியில் இருக்கும் பெட்டியிலிருந்து கைப்பிடி வரை போகும் பிளாஸ்டிக் ட்யூபைப் பிடுங்கி, பிளேடால் நீளவாக்கில் கீறினேன். வெளியே பார்த்தால் கண்ணாடி மாதிரி இருக்கும் ட்யூப். உள்ளே விரல் வைத்தால் மீன் செதிலைத் தொட்ட வழவழப்பு. காது குடையும் பஞ்சுக்குச்சியை விட்டு இழுத்தேன். லேசான காவி நிறத்தில், நுங்கின் உள் தோல் மாதிரி ஒரு சவ்வு சுருண்டு வந்தது. மோந்து பார்த்தால் மூடி வைத்த பானையின் வாடை. அந்த டாக்டர் பக்கத்தில்தான் நின்றார். அவர் கேன் தண்ணீர்தான் ஊற்றுகிறார், நல்ல கம்பெனி கேன்.

இது ஏன் என்று முதலில் எனக்கும் புரியவில்லை. பிறகு ஒரு கணக்குப் போட்டுப் பார்த்தேன். ட்யூபின் உள்விட்டம் 2 மில்லிமீட்டர், ஒரு சேரில் சுற்றி வளைத்து 6 மீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். அதற்குள் நிற்கும் தண்ணீர் 19 மில்லிதான், நாலு டீஸ்பூன். ஆனால் அந்த நாலு டீஸ்பூன் தண்ணீரும் தொட்டுக்கொண்டிருக்கும் சுவர் 370 சதுர சென்டிமீட்டருக்கு மேல். ஏ4 தாளில் பாதியைவிட அதிகம். அவ்வளவு சுவரில் ஒட்டியிருக்கும் அழுக்கு நாலு டீஸ்பூன் தண்ணீரில் கலக்கிறது. ராத்திரி முழுக்க அசையாமல் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமை முழுக்க நிற்கிறது. காலையில் முதலில் உட்காரும் நோயாளி வாயில் போகிறது.

இன்னொன்று. பல சேரில் நாலு தண்ணீர் லைன் இருக்கும், டாக்டர் மூன்றுதான் பயன்படுத்துவார். நாலாவது லைனை மடக்கிக் கட்டி உள்ளே சொருகி வைத்திருப்பார்கள். அதில் தண்ணீர் வருஷக்கணக்கில் நிற்கும். மற்ற மூன்று லைனையும் என்ன கழுவினாலும் அந்த ஒரு முட்டுச்சந்திலிருந்து திரும்ப வந்துவிடும். உங்கள் சேரில் அப்படி ஏதாவது இருக்கிறதா என்று ஒரு தடவை குனிந்து பாருங்கள் சார்.

---

நுண்ணுயிர்_லேப்

சர்வீஸ் அண்ணன் போட்ட கணக்கு எங்கள் பாடப்புத்தகத்தில் இருக்க வேண்டியது. நான் தண்ணீர்ப் பரிசோதனை ஆய்வகத்தில் வேலை செய்கிறேன். அவர் பார்த்த சவ்வுக்குப் பெயர் பயோஃபிலிம், உயிர்ப்படலம். பல் டாக்டர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். பல்லில் படியும் காரையும் இதே சங்கதிதான். கிருமிகள் ஒரு பரப்பில் ஒட்டிக்கொண்டு, தாங்களே சுரக்கும் கோந்துக்குள் வீடு கட்டிக்கொள்கின்றன. வாய் கொப்பளித்தால் காரை போகுமா? போகாது. ட்யூபில் தண்ணீரைத் திறந்துவிட்டாலும் படலம் அதே போலத்தான் போகாது. நடுவில் தண்ணீர் வேகமாக ஓடும், சுவரை ஒட்டிய இடத்தில் கிட்டத்தட்ட நின்றுகொண்டிருக்கும். மேலாக மிதக்கும் கிருமிகள் அடித்துக்கொண்டு போகும், அவ்வளவுதான். புது ட்யூப் போட்டால் சரியாகிவிடும் என்பதும் இல்லை. புதிதாகப் போட்ட லைனில் 5 நாளுக்குள் மில்லிக்கு 2 லட்சம் வரை எகிறியதை அமெரிக்க நோய்க் கட்டுப்பாட்டு மையமான சிடிசி தன் 2003 வழிகாட்டியிலேயே எழுதியிருக்கிறது.

அனஹைமிலும் அதுதான் நடந்தது. உள் குழாய்களை மாற்றி மறுபடியும் திறந்தார்கள். 2016 டிசம்பரில் திரும்பச் சோதித்தால் புதுக் குழாயிலும் கிருமி. மறுபடி மூடினார்கள்.

கும்பகோணம் டாக்டருக்கு ஆர்ஓ பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஆர்ஓ தண்ணீர் உப்பைக் குறைக்கும், வால்வு அடைக்காது, கருவிக்கு நல்லது. ஆனால் அது குளோரினையும் எடுத்துவிடுகிறது. நகராட்சித் தண்ணீரில் லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரினாவது மிச்சம் இருக்க வேண்டும் என்பது நம் குடிநீர்த் தரம். அந்தச் சின்னக் காவலும் இல்லாத தண்ணீரைத்தான் ட்யூபுக்குள் அனுப்புகிறீர்கள். குடிக்க ஏற்ற தண்ணீர்தான், ஆனால் இரவு முழுக்க பிளாஸ்டிக் ட்யூபில் நிற்பதற்கு அது ஏற்றதில்லை.

"வாயிலேயே கோடிக்கணக்கில் இருக்கிறதே" என்று கேட்டீர்கள். வாயில் இருப்பவை நம்மோடு பழகியவை. இவை வேறு இனம். சூடோமோனாஸ், லெஜியோனெல்லா, இந்த மைக்கோபாக்டீரியம். விழுங்கினால் பெரும்பாலும் ஒன்றும் செய்யாது. பல்கூழை, அதாவது பல்லுக்குள் நரம்பும் ரத்தக்குழாயும் இருக்கும் சதையைத் திறந்து அதன் மேல் அடித்தால் கதை வேறு. ஏரோட்டரும் காரை எடுக்கும் ஸ்கேலரும் தண்ணீரைப் புகையாக அடிக்கின்றன, அதை மூச்சில் இழுத்தாலும் கதை வேறு.

2011இல் இத்தாலியில் 82 வயது அம்மா ஒருவர் லெஜியோனெல்லா நிமோனியா வந்து, சேர்த்த இரண்டே நாளில் இறந்துபோனார். அந்த நாட்களில் அவர் வீட்டை விட்டு வெளியே போனது பல் டாக்டரிடம் இரண்டு தடவை மட்டும். வீட்டுத் தண்ணீரில் கிருமி இல்லை. பல் இயந்திரத்தின் தண்ணீரில் இருந்ததும் அவர் நுரையீரலில் இருந்ததும் மரபணு அளவில் ஒரே கிருமி. 2012இல் லான்செட் இதழில் வந்தது.

அதே புகைக்குள் நோயாளி இருப்பது அரை மணி நேரம். டாக்டரும் அசிஸ்டென்ட் பெண்ணும் நாள் முழுக்க இருக்கிறார்கள். கலிபோர்னியாவில் ஒரு பல் டாக்டரே லெஜியோனெல்லா தொற்றி இறந்தார். அவருடைய சேர் தண்ணீரில் அந்தக் கிருமி இருந்ததை 1995இல் ஆய்வாளர்கள் எழுதினார்கள். அசிஸ்டென்ட் பெண்களைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அது எனக்கு உறுத்தலாகவே இருக்கிறது.

---

மாற்றுச்சிறுநீரகம்_மதுரை

குறுக்கே வருவதற்கு மன்னிக்கவும். எனக்குச் சிறுநீரக மாற்று அறுவை நடந்து நாலு வருஷம். தினமும் எதிர்ப்புசக்தியை அடக்கும் மாத்திரை சாப்பிடுகிறேன். ஈறில் ரத்தம் வருகிறது, ஸ்கேலிங் செய்ய வேண்டும் என்கிறார்கள். இதைப் படித்ததும் வயிற்றைக் கலக்குகிறது. நான் போகலாமா கூடாதா?

---

திருச்சி_பல்வைத்தியர்

அய்யா, போகலாம். போகவும் வேண்டும். ஈறில் புண்ணை வைத்துக்கொண்டு அந்த மாத்திரை சாப்பிடுவது அதைவிட மோசம். ஆனால் சொல்லாமல் போகாதீர்கள். சேரில் உட்காருமுன் உங்கள் மாற்று அறுவையையும் மாத்திரைப் பெயர்களையும் சொல்லுங்கள். காலையில் முதல் ஆளாக நேரம் வாங்காதீர்கள், இரவெல்லாம் நின்ற தண்ணீர் உங்களுக்கு வேண்டாம். கையால் சுரண்டும் கருவிகளை வைத்துச் செய்து, கழுவுவதற்கு ஸ்டெரைல் (கிருமி நீக்கிய) சலைன் சிரிஞ்ச் பயன்படுத்தச் சொல்லிக் கேளுங்கள். கொஞ்சம் நேரமாகும், ஆனால் முடியும். உங்கள் சிறுநீரக டாக்டரிடமும் ஒரு வார்த்தை சொல்லிவிடுங்கள்.

உங்களைப் போன்றவர்களுக்கு அக்கறை கூடுதலாக வேண்டும் என்பதற்குப் பழைய சான்று ஒன்று இருக்கிறது. 1987இல் இங்கிலாந்தில் மார்ட்டின் என்பவர் எழுதியது. புற்றுநோயால் தளர்ந்திருந்த இரண்டு பேருக்குப் பல் சிகிச்சைக்குப் பிறகு வாயில் சூடோமோனாஸ் கட்டி வந்தது. அதே கிருமி சேர் தண்ணீரில் இருந்தது. அதே சேரில் உட்கார்ந்த மற்ற ஆரோக்கியமானவர்களுக்கு நோய் வரவில்லை.

கும்பகோணம் டாக்டருக்கும் இதில் பதில் இருக்கிறது. உங்கள் நோயாளிகள் நன்றாக இருந்ததற்கு அவர்கள் உடம்புதான் காரணம், நம் தண்ணீர் இல்லை. இதை எனக்கும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

---

லண்டன்_நர்ஸ்

வணக்கம். நான் யாழ்ப்பாணம், இப்போது லண்டனில் டென்டல் நர்ஸாக வேலை. "சின்ன ஊர் டாக்டர் என்ன செய்ய முடியும்" என்று அண்ணை கேட்டதால் எழுத வேண்டும் போல் இருந்தது. இங்கே நாங்கள் செய்வதில் பாதிக்கு மேல் காசே தேவையில்லை.

காலையில் கதவு திறந்ததும் முதல் வேலை, எல்லா லைனையும் 2 நிமிடம் தண்ணீர் ஓட விடுவது. ஒவ்வொரு நோயாளிக்கும் இடையில் 20 முதல் 30 செக்கன். பின்னேரம் கடைசி ஆள் போனதும் மறுபடி 2 நிமிடம். பிறகு போத்தலைக் கழற்றித் தண்ணீரைக் கொட்டி, அலசி, மூடாமல் கவிழ்த்து வைத்துவிட்டுத்தான் வீட்டுக்குப் போவோம். போத்தல் இரவு காய வேண்டும். பாதித் தண்ணீரோடு போத்தலைச் சேரிலேயே விட்டுவிட்டுப் போனால் மறுநாள் பெரியவரிடம் நல்ல பேச்சு விழும். நான் வேலைக்குச் சேர்ந்த முதல் கிழமையே வாங்கினேன்.

இங்கே அரசாங்கத்தின் வழிகாட்டி எண் அமெரிக்காவை விடக் கடுமை. மில்லிக்கு 100 முதல் 200க்குள் இருக்க வேண்டும். அதனால் தண்ணீர் ஓட விடுவதோடு நிற்பதில்லை. மருந்து கலந்த தண்ணீர்தான் ஒவ்வொரு நாளும் போத்தலில் போகும். லேப்பில் வேலை செய்யும் பிள்ளை சொன்ன மாதிரி, ஓட விடுவது மிதப்பதைத்தான் கழுவும். ஒட்டியதைக் கரைக்க மருந்து வேண்டும்.

தங்கச்சி, உங்கள் பிள்ளைக்காக ஒன்று சொல்கிறேன். கிளினிக்கில் "பதிவுக் கொப்பி இருக்கிறதா, பார்க்கலாமா" என்று கேளுங்கள். ஒழுங்காகச் செய்கிற இடத்தில் சந்தோஷமாகக் காட்டுவார்கள். நாங்கள் காட்டுவோம்.

---

கும்பகோணம்_கிளினிக்

இரண்டு வாரம் கழித்து எழுதுகிறேன். சர்வீஸ் தம்பி சொன்னதை மனதில் போட்டுக்கொண்டே இரண்டு நாள் இருந்தேன். மூன்றாம் நாள் குனிந்து பார்த்தேன். நாலாவது லைன் மடக்கிக் கட்டி இருந்தது. பழைய ஸ்கேலர் லைன், 2014இல் கெட்டுப்போனது. அன்றைக்குக் கட்டியதுதான்.

தண்ணீரைச் சோதிக்கக் கொடுத்தேன். முதலில் எங்கள் ஊர் லேப் ஒன்றில் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்துப் பார்த்துப் "பெரிதாக ஒன்றும் இல்லை" என்றார்கள். நுண்ணுயிர்_லேப் தனிச்செய்தியில் சொன்னபடி இன்னொரு இடத்துக்கு அனுப்பினேன். அவர்கள் வேறு முறையில் ஏழு நாள் வைத்தார்கள். நேற்று முடிவு வந்தது. ஏரோட்டர், காற்றும் தண்ணீரும் அடிக்கும் த்ரீ-வே சிரிஞ்ச் இரண்டுக்கும் ஒரே பதில்: எண்ண முடியாத அளவு. என் ஆர்ஓ மெஷின் வாயிலிருந்து நேராகப் பிடித்த தண்ணீரையும் ஒப்பிட அனுப்பியிருந்தேன். அதில் ஏறத்தாழ ஒன்றும் இல்லை.

ஆர்ஓ வாயிலில் சுத்தம். ஆறு மீட்டர் தாண்டினால் எண்ண முடியாத அளவு. அந்த ஒரு தாளை மேஜையில் வைத்துக்கொண்டு ரொம்ப நேரம் உட்கார்ந்திருந்தேன். 22 வருஷமாக நோயாளிகளிடம் "ராத்திரி பல் துலக்காமல் படுக்காதீர்கள்" என்று சொல்லி வருகிறேன்.

முன்னே எழுதியதற்கு வருந்துகிறேன். இப்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லுங்கள். புதன்கிழமை வரை நோயாளிகளுக்குத் தேதி மாற்றிக் கொடுத்துவிட்டேன்.

---

நுண்ணுயிர்_லேப்

டாக்டர், வருந்த ஒன்றுமில்லை. சோதித்துப் பார்த்ததையும் முடிவையும் வெளிப்படையாக எழுதியிருக்கிறீர்கள். இதைப் படிக்கும் இன்னும் பத்து பேர் சோதிப்பார்கள்.

இரண்டு லேப் முடிவு ஏன் மாறியது என்று மற்றவர்களுக்காகச் சொல்லிவிடுகிறேன். தண்ணீர்க் கிருமிகள் பசிக்குப் பழகியவை, குளிர்ச்சியில் மெதுவாக வளர்பவை. சத்தான ஊட்டத் தட்டில் 37 டிகிரியில் இரண்டு நாள் வைத்தால் பாதி முளைக்காது. ஆர்2ஏ என்ற ஊட்டம் குறைந்த தட்டில், அறை வெப்பத்தை ஒட்டி, ஏழு நாள் வைக்க வேண்டும். லேப்பில் கொடுக்கும்போது "ஆர்2ஏ, ஏழு நாள்" என்று எழுதியே கொடுங்கள். பாட்டில் ஸ்டெரைலாக இருக்க வேண்டும். குளோரின் வகை மருந்து போட்ட லைன் என்றால் அதை முறிக்கும் சோடியம் தயோசல்பேட் போட்ட பாட்டிலாகக் கேளுங்கள், இல்லையென்றால் வழியிலேயே கிருமி செத்து, முடிவு பொய்யாக நல்லபடி வரும். ஐஸ் பெட்டியில் வைத்து 24 மணி நேரத்துக்குள் சேர்க்க வேண்டும்.

---

சேர்_சர்வீஸ்_கோவை

சார், கஷ்டமில்லை. சேரோடு வந்த மேனுவலை முதலில் தேடி எடுங்கள். அதில் எந்த மருந்து, எவ்வளவு, எத்தனை நிமிஷம் என்று போட்டிருக்கும். அதை மீறி எதுவும் செய்ய வேண்டாம். ஒரு மருந்து சில சேரில் இருக்கும் பித்தளை உறுப்பை அரித்துவிடும். கடையில் கிடைக்கும் பிளீச்சிங் பவுடரைக் கரைத்து மட்டும் ஊற்றிவிடாதீர்கள். சுண்ணாம்பு போல் படிந்து வால்வையே அடைக்கும். அப்படி அடைத்த இரண்டு சேரை நானே திறந்திருக்கிறேன்.

வேலை வரிசை இப்படி. அந்த நாலாவது லைனை வேரோடு வெட்டி எடுத்துவிட்டு அது கிளம்பும் இடத்திலேயே அடைக்க வேண்டும், கட்டி விடுவது கூடாது. பழைய ட்யூப் எல்லாம் மாற்ற வேண்டும், பத்து வருஷத்து ட்யூபைக் கழுவி ஆகப் போவதில்லை. ஏரோட்டர் நிறுத்தும்போது வாயிலிருந்து ஒரு சொட்டு பின்னால் இழுக்கிறதா என்று வால்வைப் பார்க்க வேண்டும். தண்ணீரைச் சூடாக்கும் வார்மர் இருந்தால் கழற்றிவிடலாம், வெதுவெதுப்பு கிருமிக்குத்தான் வசதி. பிறகு மேனுவலில் சொன்ன மருந்தை விட்டு ஊற வைத்துக் கழுவி, அதற்கு மேல் தினசரி மருந்து. லண்டன் அக்கா சொன்ன காலை, மாலை வேலை அசிஸ்டென்டுக்குப் பழக வேண்டும். அது பழக ஒரு வாரம் போதும்.

---

திருச்சி_பல்வைத்தியர்

இதோடு ஒன்று சேர்க்க வேண்டும். என்னிடமே சில ஜூனியர்கள் கேட்டது. "பாட்டிலில் சலைன் ஊற்றிவிட்டால் ஸ்டெரைல் ஆகிவிடுமே" என்று. ஆகாது. ஸ்டெரைல் சலைனும் அதே ட்யூப் வழியாகத்தான் வருகிறது. பல் பிடுங்கி எலும்பு வெட்டும் வேலைக்கோ, பல்கூழ் திறக்கும் வேலைக்கோ ஸ்டெரைல் தண்ணீர் வேண்டுமென்றால் தனி சிரிஞ்சில் எடுத்துக் கையால் அடிக்க வேண்டும். அல்லது முழுப் பாதையும் மாற்றக்கூடிய, ஆட்டோகிளேவ் செய்யக்கூடிய ஏற்பாடு வேண்டும்.

அனஹைமுக்குப் பிறகு கலிபோர்னியாவில் இதற்குச் சட்டமே வந்தது. பல்கூழ் வெளிப்படும் சிகிச்சையில் பயன்படுத்தும் தண்ணீர் ஸ்டெரைலாக இருக்க வேண்டும், அல்லது கிருமிநாசினித் தன்மை உள்ளதாக இருக்க வேண்டும். 2022 அக்டோபரில் சிடிசி நாடு முழுவதற்கும் மறுபடி எச்சரிக்கை விட்டது. சேர் தண்ணீரில் கிருமி இருக்கிறது என்று பிளேக் என்பவர் பிரிட்டிஷ் டென்டல் ஜர்னலில் எழுதியது 1963இல். நான் பிறப்பதற்கு முன்பே தெரிந்த விஷயம். கல்லூரியில் ஐந்து வருஷம் படித்தேன், இதற்கு ஒரு வகுப்புகூட எடுத்ததாக நினைவில்லை. ஆட்டோகிளேவ் பற்றி மட்டும் பக்கம் பக்கமாக எழுதினோம்.

---

ஆரஞ்சுகவுண்டி_அம்மா

எல்லோருக்கும் நன்றி. இந்த இழையை என் கணவர் அச்செடுத்து வைத்துக்கொண்டு படித்தார். போன வாரம் நேரில் போய் டாக்டரையே பார்த்தோம். மூன்று கேள்வி எழுதிக்கொண்டு போயிருந்தேன். லைனுக்கு என்ன மருந்து, எத்தனை நாளுக்கு ஒருமுறை? கடைசியாக எப்போது சோதித்தீர்கள், எண் என்ன? பல்கூழைத் திறந்த பிறகு எந்தத் தண்ணீர் அடிப்பீர்கள்?

கோபப்படுவார் என்று பயந்தேன். அவர் உள்ளே போய் ஒரு கோப்பு எடுத்து வந்தார். மூன்று மாதத்துக்கு ஒரு சோதனை, ஒவ்வொரு சேருக்கும் தனித்தனி எண், எல்லாம் 500க்குக் கீழே. நடுவில் ஒரே ஒரு தடவை ஒரு சேர் தவறியிருந்தது. அந்தச் சேரை நிறுத்தி, மருந்து விட்டு, மறுபடி சோதித்துத் திறந்த தேதியும் எழுதியிருந்தது. அந்தத் தவறிய பக்கத்தை மறைக்காமல் காட்டினாரே, அதில்தான் எனக்கு நம்பிக்கை வந்தது. பல்கூழ் திறந்தபின் தனி சிரிஞ்சில் ஸ்டெரைல் தண்ணீர்தான் என்று அந்தப் பொட்டலத்தையும் காட்டினார்.

வியாழக்கிழமை காலை சிகிச்சை. முதல் நேரம் வேண்டாம் என்று பத்தரைக்கு மாற்றி வாங்கியிருக்கிறேன். அடுத்த நாலு மாதத்துக்குக் கழுத்திலோ தாடையிலோ சின்ன வீக்கம் வந்தாலும் பல்போட்டமி நடந்த தேதியைக் குழந்தை டாக்டரிடம் சொல்ல வேண்டும் என்று ஃபிரிட்ஜ் மேல் ஒட்டி வைத்திருக்கிறேன்.

---

மாற்றுச்சிறுநீரகம்_மதுரை

நானும் சொல்லிவிட்டுத்தான் போனேன். டாக்டர் கையாலேயே சுரண்டிச் சுத்தம் செய்தார். இரண்டு நாளாகப் பிரித்துச் செய்தார். ஈறு தேவலாம்.

---

கும்பகோணம்_கிளினிக்

தம்பி, கோவையிலிருந்து இங்கே வர முடியுமா? பேருந்துச் செலவு, தங்கும் இடம் எல்லாம் நான் பார்த்துக்கொள்கிறேன். மேனுவல் கிடைத்துவிட்டது, பரணில் இருந்தது. அசிஸ்டென்ட் பெண்ணிடம் எல்லாவற்றையும் விளக்கிச் சொன்னேன். "அப்போ நான் மூச்சில் இழுக்கிறதும் அதே தண்ணிதானா சார்?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன். இந்த வேலையை அவளே பொறுப்பெடுத்துக்கொள்கிறேன் என்று நோட்டு வாங்கிக் கோடு போட்டுவிட்டாள்.

---

சேர்_சர்வீஸ்_கோவை

ஞாயிறு காலை வந்துவிடுகிறேன் சார். புது ட்யூப் பத்து மீட்டர் கொண்டு வருகிறேன். சனிக்கிழமை ராத்திரியே பாட்டிலைக் கழற்றிக் கொட்டி, மூடாமல் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள். வெட்டி எடுக்கும் பழைய ட்யூபைத் தூக்கிப் போட வேண்டாம். அந்த அசிஸ்டென்ட் பாப்பாவும் கீறிப் பார்க்கட்டும்.